டிசைன் கோர்ஸ்ல தமிழ் எழுத்துக்கு ஒரு கிளாஸ் கூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பிளஸ் டூ முடிச்சவங்க என்னென்ன தொழிற்படிப்பு படிக்கலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. அதுல கிராஃபிக் டிசைனுக்கு ஆறே ஆறு வரி. கற்பனைத் திறனும் ஒரு லேப்டாப்பும் இருந்தா போதும், கை நிறைய சம்பாதிக்கலாம்னு முடிச்சிட்டீங்க. நான் இப்ப அந்தப் படிப்புதான் படிச்சிட்டு இருக்கேன், ஒன்பது மாசம் ஆச்சு. கை நிறையுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அந்த ஆறு வரியில விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லணும்னுதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லன்னா என்னைப் பத்தி இருக்கிறதை வெட்டிக்கோங்க, எழுத்தைப் பத்தி இருக்கிறதை மட்டும் வெட்டிராதீங்க.

எனக்கு ஊரு சிவகாசி, வயசு 34. பதினோரு வருஷம் காலண்டர் பைண்டிங்ல வேலை பாத்தேன். ஆடிப் பதினெட்டுக்கு புது ஆல்பம் போட்டாங்கன்னா அதுல இருந்து மார்கழி வரைக்கும் தலை நிமிர நேரம் இருக்காது, தாள் அடுக்கணும், எண்ணணும், மேல தகரம் அடிக்கணும், கட்டணும். மணிக்கட்டு போயிருச்சு. இனிமே இந்த வேலை வேணாம்னு டாக்டர் சொன்னப்புறம் எங்க வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து பாக்குற வேலையா கத்துக்கோன்னு சொன்னாரு. ஐடிஐயில டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர்னு ஒரு வருஷ டிரேடு இருக்கு, ஆனா அது பகல்ல, எனக்குப் பகல்ல சம்பளம் வந்தாகணும், அதனால சாயங்காலம் நடத்துற ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்தேன், காலையில ஒரு டிடிபி கடையில டைப் அடிக்கப் போறேன். கிளாஸ்ல என்னைத் தவிர எல்லாம் சின்னப் பசங்க, எனக்கு எடுக்குற சாருக்கே 25 வயசு இருக்கும், அவரு என்னை அக்காங்கறாரு, நான் அவரை சாருங்கறேன்.

சாரைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். போட்டோஷாப், கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் எல்லாம் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. மவுஸை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாம போனவ நான், இன்னைக்கு ஒரு போட்டோவுல இருந்து ஆளை முடி முடியா வெட்டி எடுத்துருவேன். சிக்கல் டைப்போகிராஃபின்னு, அதாவது எழுத்தை அமைக்கிறதைப் பத்தி, ஒரு பாடம் வந்தப்பதான். நாலு கிளாஸ் நடந்துச்சு. ஐரோப்பாவுல அச்சுக்கு வழி பண்ணுன கூட்டன்பர்க்ல ஆரம்பிச்சு 1957-ல வந்த ஹெல்வெட்டிகா ஃபான்ட்ல முடிஞ்சுது. செரிஃப், சான்ஸ் செரிஃப், எக்ஸ்-ஹைட் (சின்ன எக்ஸ் எழுத்தோட உயரம்), அசெண்டர், டிசெண்டர், கெர்னிங். பெரிய ஏ-யும் பெரிய வி-யும் பக்கத்துல வந்தா நடுவுல பள்ளம் விழும், அதை எப்படி இழுத்துச் சேக்கணும்னு ஒரு மணி நேரம் செஞ்சு பாத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில நான் கையைத் தூக்கி, சார் தமிழுக்கு எக்ஸ்-ஹைட் எங்க எடுக்கணும், 'ப'வுக்கு எடுக்கணுமா 'கி'யோட கொக்கி வரைக்கும் எடுக்கணுமான்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் போர்டைப் பாத்துட்டு, "அக்கா, சிலபஸ்ல தமிழ் இல்லக்கா"ன்னாரு.

நூத்தி நாப்பது பக்க நோட்ஸ், அதுல தமிழ் எழுத்துன்னு ஒரு படம் கூட இல்ல. நாங்க 14 பேர், 14 பேரும் தமிழ் மீடியம்.

அடுத்த நாள் கடையில வந்த வேலையை ஒரு தாள்ல குறிச்சு வச்சேன். ரெண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஒரு பூப்புனித நீராட்டு விழா பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் ஒண்ணு, கட்சிக்காரங்க ஃபிளெக்ஸ் ஒண்ணு, பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை மூணு. பட்டாசுப் பெட்டி லேபிள் ஒண்ணு மட்டும் இங்கிலீஷ். இதுதான் நிலவரம், நாங்க படிச்சு முடிச்சு உட்காரப்போற நாற்காலியில வர்ற வேலை பூராவும் தமிழ், படிச்சது பூராவும் ஏ பி சி டி.

இதனால நடந்த ஒரு கூத்தையும் சொல்லணும். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு, மேட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. கடையில எல்லாரும் பழைய ஃபான்ட்ல திரும்ப டைப் அடிப்பாங்க, நாமதான் படிச்சவளாச்சே, காப்பி பண்ணி இல்லஸ்ட்ரேட்டர்ல ஒட்டிட்டேன். பெரிய எழுத்துல வர்ற பேரை மட்டும் பழைய ஃபான்ட்ல தனியா அடிச்சிருந்ததால அது சரியா தெரிஞ்சுது, அடியில பொடி எழுத்துல இருந்த 'வாழ்த்தும்படி கேட்டுக்கொள்கிறோம்' மட்டும் உடைஞ்சு போயிருக்கு. 'கே'ல ககரத்துக்கு முன்னாடி நிக்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னாடி போய் நிக்குது, 'கொ'ல நடுவுல ஒரு புள்ளி வட்டம் வேற. நான் கவனிக்கல. 300 கார்டு நாலு கலர்ல அடிச்சு, கிரீசிங் போட்டு, மடிச்சுக் குடுத்தாச்சு. பொண்ணோட அம்மா வந்து கார்டை மேசை மேல வச்சாங்க, திட்டவே இல்ல, "என்னத்தா இது"ன்னு விரலை அந்த வரி மேல வச்சாங்க, அவ்வளவுதான். எங்க கடை முதலாளி அண்ணாச்சி திருப்பி அடிச்சுக் குடுத்தாரு, பாதிக் காசு என் சம்பளத்துல கழிஞ்சுது.

அதுக்குத் தீர்வு என்னன்னா ரெண்டே ரெண்டு கிளிக்தான் சார். இல்லஸ்ட்ரேட்டர்ல பிரிஃபரன்சஸ் போய் இந்திய எழுத்துக்கான ஆப்ஷனைக் காட்டுன்னு டிக் பண்ணணும், அப்புறம் பாரகிராஃப் பேனல்ல தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், கம்போசர்னா எழுத்தை வரியில அடுக்கிக் குடுக்குறது. இன்டிசைன்னா வேர்ல்ட்-ரெடி கம்போசர். தமிழ்ல கொம்பு எழுத்துக்கு அப்புறமா டைப் ஆகும், ஆனா எழுத்துக்கு முன்னாடி வந்து நிக்கணும், 'கொ'வுக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும், அந்தக் கணக்கு சாதா கம்போசருக்குத் தெரியாது. இது தெரியாமத்தான் நம்ம ஊர்ல பாதிக் கடையில யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரே நம்பர்ங்கற பொது முறை) தமிழ் வராதுன்னு சொல்லிட்டு இருக்காங்க. நான் இதைக் கத்துக்கிட்டது கிளாஸ்ல இல்ல, சம்பளம் கழிஞ்ச அன்னைக்கு ராத்திரி போன்ல தேடித்தான்.

பழைய ஃபான்ட்டுன்னு சொன்னேனே, அது இன்னொரு காடு. 2001-ல வந்த பேஜ்மேக்கர் 7 இன்னும் எங்க கடையில ஓடுது, அதுக்கு யூனிகோட்ன்னா என்னன்னே தெரியாது. அதனால ஒவ்வொரு கம்பெனி ஃபான்ட்டும் இங்கிலீஷ் எழுத்து உட்காருற இடத்துல தமிழ் எழுத்தைத் தன் இஷ்டத்துக்கு உட்கார வச்சிருக்கு. பாமினிங்கற பழைய ஃபான்ட்ல 'அம்மா'ன்னு அடிச்சிட்டு அதை சாதா இங்கிலீஷ் ஃபான்ட்டுக்கு மாத்திப் பாருங்க, எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்ப கே, எச் அப்படின்னு நிக்கும். இன்னொரு தமிழ் ஃபான்ட்டுக்கு மாத்துனா அம்மா வேற யாரோ ஆயிருவாங்க. 1999-ல எந்த இடத்துல எந்தத் தமிழ் எழுத்துன்னு சொல்ற டேம், டேப்னு ரெண்டு முறையை அரசாங்கம் அறிவிச்சுது, தமிழ்99 விசைப்பலகையும் அப்ப வந்ததுதான், 2010-ல யூனிகோடும் டேஸ் 16-ங்கற இன்னொரு முறையும்தான் இனிமேன்னு அரசாணையே வந்துருச்சு. ஆணை வந்து இவ்வளவு வருஷமாகியும் டிசைன் படிக்கிற பசங்களுக்கு இதுல ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. என் கூடப் படிக்கிற தம்பி ஒருத்தன், யூனிகோடுங்கறது ஒரு ஃபான்ட்டோட பேருன்னு நினைச்சிட்டு இருந்தான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நான் தமிழ் எழுத்தைப் பத்தி உருப்படியா கத்துக்கிட்டது எங்க தெருவுல இருக்கிற ஒரு பெரியப்பாகிட்டதான். சொந்தம் இல்ல, தெருவே பெரியப்பான்னுதான் கூப்பிடும். எழுபது தாண்டிருச்சு, லெட்டர் பிரஸ் காலத்துல, அச்செழுத்தைக் கையால எடுத்துக் கோக்குற கம்பாசிட்டரா இருந்தவரு. ஒரு நாள் என் அசைன்மென்ட் பிரின்ட் அவுட்டைக் கொண்டுபோய்க் காட்டுனேன், ஒரு பக்கக் கட்டுரை, தலைப்பு, ரெண்டு காலம். வாங்குனவரு கண்ணாடியைக் கூடப் போடல, தாளைத் தலைகீழாப் பிடிச்சாரு. பெரியப்பா, மாத்திப் பிடிச்சிருக்கீங்கன்னேன். "தெரியும் தாயி, அச்சை நாங்க அப்படித்தான் படிப்போம்"னு சொல்லிட்டு விரலை ஒரு இடத்துல வச்சாரு, "இங்க கறுப்பா ஒரு திட்டு தெரியுது பாரு"ன்னாரு. நேரா பாத்தா எனக்குத் தெரியல. தலைகீழா பாத்தா, படிக்கிற புத்தி நின்னுபோய் வெறும் கறுப்பும் வெளுப்பும் மட்டும் தெரியுது, 'எண்ணணும்' மாதிரி சுழி சுழியா எழுத்து வர்ற இடத்துல எல்லாம் மை கட்டுன மாதிரி அடைச்சுக்கிட்டு கிடக்கு. தலைப்பை பெருசா தெரியணும்னு போல்ட் பட்டனை அமுக்கியிருந்தேன். அந்த ஃபான்ட்டுக்குத் தனியா போல்ட் கிடையாது, மெஷின் சும்மா சுத்தி மையைத் தடவிக் குடுத்திருக்கு, ணகரத்தோட சுழி பூராவும் அடைஞ்சு போச்சு. இங்கிலீஷ் ஓ-வுல ஒரு ஓட்டைதான், அதனால தப்பிச்சிரும். நம்ம ண, ஞ, இ எல்லாம் அப்படியா.

அப்புறம் அவரு சொன்னதெல்லாம் என் நோட்டுல இருக்கு. வரி நீளம் பத்தலைன்னா இடைவெளியை வார்த்தைக்கு நடுவுல போடு, எழுத்துக்கு நடுவுல போடாத, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போயிரும். புள்ளி வச்ச எழுத்துல வரியை ஆரம்பிக்காத. வரிக் கடைசியில கொம்பு மட்டும் தனியா நிக்கக் கூடாது, துணைக்கால் மட்டும் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பேஜ்மேக்கர்ல அடிச்ச எத்தனை புஸ்தகத்துல இது ரெண்டும் நடக்குதுன்னு இப்பத்தான் கண்ணுல படுது. அவரு வேலை பாத்த கேஸ்ல, அதாவது அச்செழுத்தை அறை அறையா போட்டு வைக்கிற பெட்டியில, கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி அச்சா இருக்குமாம், கொம்பும் காலும் மட்டும் தனியா எடுத்துச் சேக்கணும், அதனால இங்கிலீஷ் கேஸ் மாதிரி கைக்கு எட்டுற தூரத்துல முடியாது, ஆளு நடந்துதான் ஆகணும். 1978-ல எம்ஜிஆர் ஆட்சியில எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சுல்ல, பெரியார் 1935-லயே குடியரசு பத்திரிகையில பயன்படுத்த ஆரம்பிச்சது, ணை லை ளை னை நாலும் யானைத் தும்பிக்கையை விட்டு மத்த எழுத்து மாதிரி ஆனது, ணா றா னா மாறுனது, அதோட ணொ ணோ றொ றோ னொ னோ மாறுனது, எல்லாம் சேத்து 13 எழுத்து, அப்போ கேஸ்ல அந்த அறையெல்லாம் காலியாயிருச்சு, அதுல பீடியும் தீப்பெட்டியும் வச்சிருந்தோம்னு சிரிக்கிறாரு. புஸ்தகத்துல இதை வெறும் வருஷமா படிச்சிருக்கேன், அறை காலியானதை யாரும் எழுதல.

வரிக்கும் வரிக்கும் நடுவுல விடுற இடத்தைப் பத்தி நானே ஒரு சோதனை செஞ்சேன். 12 பாயின்ட் எழுத்துக்கு 14 பாயின்ட் லீடிங்னு நோட்ஸ்ல இருக்கு, இங்கிலீஷுக்கு அது அம்சமா இருக்கு. அதே அளவுல தமிழ்ப் பத்தியை வச்சா மேல் வரியில இருக்கிற ழகரத்தோட வாலும், 'று'வோட சுழிப்பும் கீழ் வரியில இருக்கிற 'கீ'யோட கொக்கியை முட்டுற மாதிரி வருது. 16-க்கு மாத்துனேன், மூச்சு விட்டுச்சு. 17-ம் பாத்தேன், அது எனக்குப் பிடிச்சுது, ஆனா பக்கம் கூடுதுன்னு அண்ணாச்சி ஒத்துக்க மாட்டாரு. ஒரு வாக்கியத்தை அழுத்தமா காட்டணும்னா இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல போடலாம், சாய்ச்சுப் போடலாம். நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்தே கிடையாது, சாய்வு எழுத்தும் நம்ம வழக்கம் இல்ல, பட்டனை அமுக்குனா மெஷின் தள்ளிவிட்ட மாதிரி சாயும், அவ்வளவுதான். அப்ப தமிழ் டிசைனர் எதை வச்சு அழுத்தம் குடுக்கணும், தடிமனா, அளவா, கலரா, இல்ல சுத்தி விடுற வெத்து இடமா? இது ஒரு முழுப் பாடம் சார், இதை யாரு எடுக்குறா?

இன்னொண்ணு, ரகரம். விண்டோஸ்ல வர்ற லதா ஃபான்ட்ல 'ர' அடிச்சா அடியில சாய்வா ஒரு கோடு இருக்கும், அதே எழுத்துல புள்ளி வச்சு 'ர்' ஆக்குனா அந்தக் கோடு காணாம போயிரும், வெறும் துணைக்கால் மேல புள்ளி வச்ச மாதிரி இருக்கும். நான் இது ஃபான்ட்ல இருக்கிற தப்புன்னு நினைச்சேன். பெரியப்பா சொல்றாரு, பழைய அச்சுலயும் ரி, ரீ, ர் அப்படித்தான் இருக்கும், மேல கொக்கியோ புள்ளியோ வந்துட்டா அது துணைக்கால் இல்லன்னு தெரிஞ்சிருமே, அப்புறம் எதுக்கு வால்னு. சாருக்கு இதைச் சொன்னேன், அவரு உடனே லேப்டாப்பைத் திறந்து பத்துப் பதினஞ்சு ஃபான்ட்ல அடிச்சுப் பாத்தாரு. அன்னைக்கு கிளாஸே அதுல போச்சு. பசங்க ஒருத்தன் கூட போனை எடுக்கல, அதை நான் கவனிச்சேன்.

கூட்டன்பர்க்கைச் சொல்லிக் குடுங்க, வேணாங்கல. ஆனா அவரு பைபிள் அடிச்சு 120 வருஷம் சொச்சத்துல, 1578-ல, கொல்லத்துல தமிழ் அச்சுல தம்பிரான் வணக்கம்ங்கற புஸ்தகம் வந்துருச்சுன்னு சேத்துச் சொன்னா என்ன? 16 பக்கம்தான். தரங்கம்பாடியில பாதிரியார் சீகன்பால்கு அச்சகம், 1862-ல சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்துல அடிச்ச வின்ஸ்லோ அகராதி, பொடி எழுத்துலயும் எவ்வளவு தெளிவு. ஓவியர் ஆதிமூலம் வரைஞ்ச தலைப்பு எழுத்துகளை ஸ்கேன் பண்ணிப் போட்டுக் காட்டலாம். இப்ப இருக்கிறவங்களும் கம்மி இல்ல, தமிழ்ல டைப் அடிக்கிற முரசு அஞ்சல் மென்பொருள் செஞ்ச மலேசியாவோட முத்து நெடுமாறன், கேட்டமரான் ஃபான்ட்டை ஒன்பது தடிமன்ல வடிவமைச்ச ப்ரியா ரவிச்சந்திரன், பவனம், கவிவனார் ஃபான்ட் செஞ்ச இலங்கை தாரிக் அஸீஸ். இந்த மூணு ஃபான்ட்டும் கூகுள் ஃபான்ட்ஸ்ல காசில்லாம கிடைக்குது. ஒன்பது தடிமன் இருக்கிற தமிழ் ஃபான்ட் சும்மா கிடக்குறப்ப போல்ட் பட்டனை அமுக்கி ணகரத்தை அடைச்சுட்டு இருந்தேன் பாருங்க.

வெளியில கூடப் போக வேணாம், எங்க ஊரு தினசரி காலண்டர் தாளே ஒரு பாடப்புஸ்தகம். பதினோரு வருஷம் அதை எண்ணியிருக்கேன், ஒரு நாளும் உத்துப் பாத்ததில்ல. உள்ளங்கை அளவு தாள். நடுவுல தேதி, அடுப்படியில நிக்கிற பாட்டிக்குக் கண்ணாடி இல்லாம தெரியணும். அதுக்குக் கீழ கிழமை, தமிழ்த் தேதி, மாசம், நட்சத்திரம், திதி. ஓரத்துல ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம். இதுக்கு மேல ராசிபலன் வேற. ஞாயித்துக்கிழமைன்னா சிவப்பு. இத்தனையும் ஒண்ணை ஒண்ணு மிதிக்காம நிக்குது, கண்ணு எதை முதல்ல பாக்கணும் எதைத் தேடிப் பாக்கணும்னு தானா தெரியுது. சார் ஹையரார்க்கின்னு ஸ்விட்சர்லாந்து போஸ்டரைக் காட்டி ரெண்டு கிளாஸ் எடுத்தாரு, நான் வீட்டுல இருந்து ஒரு காலண்டர் தாளைக் கிழிச்சுட்டுப் போய் சுவத்துல ஒட்டுனேன், இன்னும் அங்கதான் இருக்கு, செப்டம்பர் மாசத்துத் தாள்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஐடிஐயா இருந்தாலும் சரி, பாலிடெக்னிக்கா இருந்தாலும் சரி, என்னை மாதிரி சாயங்காலம் படிக்கிற இடமா இருந்தாலும் சரி, டிசைன் படிப்புல தமிழ் எழுத்துக்குன்னு ஒரு பத்து கிளாஸ் வைக்கணும். முதல் கிளாஸ்ல கம்ப்யூட்டரே வேணாம், பெருசா ஒரு 'ழ'வையும் 'ஜ'வையும் கையால வரைய விடுங்க, எங்க தடிக்குது எங்க மெலியுதுன்னு கைக்குத் தெரியட்டும். யூனிகோடுன்னா என்ன, பழைய ஃபான்ட்ல இருக்கிற மேட்டரை எப்படி மாத்துறது, கம்போசரை எங்க டிக் பண்றது, இதுக்கு ஒரு ரெண்டு கிளாஸ். அச்சு பிளேட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்தை கர்வ்ஸா, அதாவது வெறும் கோட்டு வடிவமா, மாத்தலைன்னா அங்க அந்த ஃபான்ட் இல்லாம வேற ஏதோ வந்து விழும், அதையும் அடிபடறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுங்க. எங்க ஊர்லயும் மதுரையிலயும் சென்னையிலயும் பழைய கம்பாசிட்டருங்க இன்னும் திண்ணையில உட்கார்ந்திருக்காங்க, ஒரு நாள் கூட்டிட்டு வந்து ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசச் சொல்லுங்க, போக வர ஆட்டோ காசு குடுங்க, அவங்க கேக்கவே மாட்டாங்க, நாமதான் குடுக்கணும். எங்க பெரியப்பாவுக்கு இப்ப கண் ஆபரேஷன், அதனால அவரை எப்பக் கூப்பிட்டுப் போறதுன்னு சாரும் நானும் பேசிட்டு இருக்கோம்.

கடைசியா உங்க பேப்பர் விஷயம், கோவிச்சுக்காதீங்க. அந்தப் படிப்புப் பக்கத்துலயே மேல இருந்த தலைப்பு, எட்டு காலத்துக்குள்ள அடங்கலைன்னு பக்கவாட்டுல அமுக்கி வச்சிருக்காங்க, நெட்டுக்கோடு எல்லாம் ஒல்லியாவும் படுக்கைக்கோடு எல்லாம் தடியாவும் போயிருச்சு. ரெண்டு பாயின்ட் குறைச்சிருந்தா நின்னிருக்கும். ஞாயிறு இணைப்புல மூணாம் பக்கம் 'ஔவையார்'னு வர வேண்டிய இடத்துல ஒ தனியா, பக்கத்துல முழு அளவுல ள தனியா அடிச்சிருக்கு, படிச்சா ஒ-ள-வையார். அது ஒரே எழுத்து, கீபோர்டுல தனியா இருக்கு, கிடைக்கலைன்னா டிடிபி செக்‌ஷன்ல இருக்கிற சீனியர் யாராவது இருந்தா கேளுங்க, அவங்களுக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகாசி.